அண்ட்ரொயிட்டின் முதற் குடியேறிகள்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு பணித்த மலர்க் குழுவினர், அதன் பொருளையும் தாமே வகுத்து அனுப்பியிருந்தனர். இன்று கல்லூரியின் உயர் வகுப்புகளிற் பயிலும் மாணவர் பலர் கைத்தொலைபேசிக்குச் செய்நிரல் எழுதுவதிற் பெருநாட்டங் கொண்டுள்ளனராம். புதிதாய் வருந் தளம் எதுவாயினும் அதில் முந்திச் சென்று இடம் பிடிப்பவனே வெல்வான் என்னும் எண்ணம் அவர்களிடையே வேரூன்றி வருகின்றதாம். அத்தகைய தளமொன்றில் முந்திச் சென்றோருள் நாமும் ஒருவராதலால், அங்கு என்ன கண்டோம் என்பதை எழுதுதல் வேண்டுமென்பது அவர்கள் கட்டளை. மாணவராயிருந்த காலத்து நாம் எழுதிக்கொடுத்த கட்டுரைகள் சிவப்பு மையால் நிறைந்து திரும்பியமையைக் குழுவினர் அறியார் போலும். எனினும் கேட்பது கல்லூரி. மறுத்தல் எங்ஙனம்?

செய்நிரலருக்குத் தளம் என்பது கமக்காரனுக்கு நிலம் போன்றது. எமது தந்தையார் காலத்திற் கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டங்களிற் காணி பெற்றுச் சென்றோர்க்கு அரசினர் முதலில் வழங்கியது உறுதியன்று, அனுமதிப்பத்திரமே. காட்டை வெட்டுவதும், கொட்டில் போடுவதும், கிணறு கிண்டுவதும் குடியேறியவன் பாடு. வாய்க்கால் எப்பக்கம் ஓடும், தண்ணீர் எந்நாளில் திறக்கப்படும் என்பனவோ பிறர் கையில் உள்ள காரியங்கள். கைத்தொலைபேசித் தளத்திற் குடிபுகும் செய்நிரலர் நிலையும் ஏறக்குறைய இதுவே. நிலம் அவருடையதன்று. அதைவிடப் பெரிய சங்கடம், அவர் போய்ச் சேரும்பொழுது அந்நிலம் இன்னும் முழுதாய் உருப்பெற்றிராது.

2007 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆம் நாள், கூகுள் உட்பட 34 நிறுவனங்கள் கூடி அண்ட்ரொயிட் என்னும் பணிசெயல் முறைமையை உலகுக்கு அறிவித்தன. ஒரு வாரஞ் சென்று, 12 ஆம் நாள், அதற்குச் செய்நிரல் எழுதுவதற்கான கருவித்தொகுதி எவரும் இலவசமாகப் பெறும்படி வெளிவந்தது. சிறந்த செய்நிரல்களுக்கு ஒரு கோடி டொலர் பரிசு என்னும் அறிவித்தலும் உடன் வந்தது. அக்காலை நாம் இலண்டனிற் பகற்பொழுதெல்லாம் ஓர் அலுவலகத்துக் கணக்கு மென்பொருளோடு மாரடித்துக்கொண்டிருந்தோம். எம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து பயின்ற தோழர் கொழும்பில் வங்கியொன்றின் கணனிப் பகுதியிற் பணியாற்றினார். இருவரும் இரவில் தொலைபேசியில் உரையாடுவது வழக்கம். இலண்டனில் இரவு ஒன்பது மணியாயின் அவர்க்கு மறுநாள் அதிகாலை இரண்டரை மணி. அந்த வாரத்து உரையாடலின் முடிவில் அவர் கூறியது இன்றும் நினைவிலுண்டு: “மச்சான், இது விடக்கூடாத சங்கதி.” பள்ளிக்கூடத்து விளியைத் திருத்தாது எழுதுகின்றோம், ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

விடக்கூடாத சங்கதி என்றதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன்னரும் கைத்தொலைபேசிகளுக்கு ஜாவா மொழியிற் செய்நிரல் எழுத இயலும். ஆனால் ஒரு தொலைபேசியில் ஓடுவது இன்னொன்றில் ஓடாது. உட்புகுந்து செய்யக்கூடியனவும் சிலவே. அண்ட்ரொயிட்டோ, வெளியார் எழுதுஞ் செய்நிரலும் தொலைபேசியோடு வருஞ் செய்நிரலும் ஒரே தரத்தன என்று கூறிற்று. கற்ற ஜாவா மொழியே போதும். எவரிடமும் முன்னனுமதி வேண்டுவதில்லை. இருபத்தைந்து மைல் காட்டினை ஒருவர் திறந்துவிட்டு, வேண்டிய மட்டும் வெட்டிக்கொள் என்றாற் போலிருந்தது.

ஆனால் தொலைபேசிதான் இல்லை. இதனை மாணவர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கருவித்தொகுதி வந்த நாள்முதல் ஏறத்தாழப் பதினொரு மாதம், உலகில் எந்தக் கடையிலும் ஓர் அண்ட்ரொயிட் தொலைபேசி கிடையாது. இல்லாத பொறிக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் செய்நிரல் எழுதிக்கொண்டிருந்தனர். கணனித் திரையில் ஒரு தொலைபேசியின் படந் தோன்றும். அதன் பொத்தான்களைச் சுட்டியால் அழுத்துதல் வேண்டும். எமுலேற்றர் என்பது அதன் பெயர். தொலைபேசியின் சில்லு செய்வதையெல்லாம் கணனியின் சில்லு நடித்துக் காட்டவேண்டியிருந்தமையால், அது விழித்தெழுவதற்கே சில நிமிடங்கள் செல்லும். தேநீர் வைத்து ஆற்றிக் குடித்துவிட்டு வரலாம். படப்பிடிப்புக் கருவியைத் திறந்தாற் சதுரங்கப் பலகை போன்றதொரு பின்னணியும் அதன்மேல் ஊர்ந்து திரியும் ஒரு சிறு கட்டமுமே தென்படும். செய்நிரல் மந்தமாக ஓடினால், மந்தம் எமது எழுத்திலுள்ளதா, நடிக்கும் பொறியிலுள்ளதா என்று அறிய வழியில்லை. விரலின் பருமன் எவ்வளவு, வெயிலில் திரை தெரியுமா, மின்கலம் எத்தனை மணி தாங்கும் என்பனவெல்லாம் ஊகமே. குளத்தைக் காணாது தரையிற் படுத்து நீச்சல் பழகியவர் நிலை எம்முடையது.

பரிசுப் போட்டியின் முதற்சுற்றுக்கு 2008 ஏப்ரில் 14 இறுதி நாளாயிற்று. 1,788 செய்நிரல்கள் வந்து குவிந்தன. ஐம்பது தேர்வு பெற்று, ஒவ்வொன்றும் 25,000 டொலர் பெற்றன. நாம் போட்டியிற் புகவில்லை. நாமும் தோழரும் எழுதிக்கொண்டிருந்தது பஞ்சாங்கம். அதற்குக் கலிபோர்ணியாவில் எவர் பரிசு தருவார்?

இக்காலத்திலே தான் நிலம் அசையத் தொடங்கிற்று. பெப்ரவரியில் வந்த பதிப்பிலே திரையின் தோற்றம் மாறிற்று. கட்டளைகள் பலவற்றின் பெயரும் வடிவும் மாறின. பின்பு மாதக்கணக்காக ஒரு பதிப்பும் பொதுவிற் காணோம். யூலை மாதத்தில், தேர்வுபெற்ற ஐம்பதின்மருக்கு மட்டும் புதிய பதிப்புகள் மறைவாக வழங்கப்பட்டு வந்தமை தற்செயலாய் வெளிப்பட்டது. ஏனையோர் கொதித்தெழுந்தனர். ஓகஸ்ட் மாதத்தில் 0.9 என்னும் பதிப்பு எல்லோர்க்கும் வெளியாயிற்று. அதிலே சில கட்டளைத் தொகுதிகள் இல்லை! புளூடூத் மூலம் அயற்பொறிகளோடு பேசுந் தொகுதி போயிற்று; கூகுளின் அரட்டைச் சேவை வழியாக ஒரு தொலைபேசியிலுள்ள செய்நிரல் இன்னொரு தொலைபேசியிலுள்ள செய்நிரலோடு பேசுந் தொகுதியும் போயிற்று. முன்னதைச் செம்மை செய்யக் காலம் போதவில்லையென்றும், பின்னதிற் பாதுகாப்புக் குறைகள் உள்ளனவென்றும் காரணங் கூறப்பட்டது.

எமது கருத்தைக் கேட்பின், அம்முடிவு சரியானது. அந்நியன் ஒருவனின் செய்நிரல் உமது தொலைபேசியோடு கேளாமலே பேச வழிவிடுதல் தகாது. பிழையான வாய்க்காலை வெட்டி முடித்தபின் மூடுவதிலும் வெட்டுமுன் நிறுத்துவது நன்று. ஆயினும் அந்த வாய்க்காலை நம்பி விதைத்தவர் பலர். இருவர் தத்தம் தொலைபேசிகளில் எதிரெதிரே ஆடும் விளையாட்டுகள், நண்பர் எங்குள்ளார் என்று காட்டுஞ் செய்நிரல்கள் என ஆறேழு மாத உழைப்பு ஓரிரவில் உமியாயிற்று. புளூடூத் தொகுதி 2009 ஒக்ரோபரில், 2.0 ஆம் பதிப்பிலே தான் திரும்பி வந்தது. திறமையிற் குறைந்தவர்களா அவர்கள்? அல்லர். முந்திச் சென்றதனால் வந்த இழப்பு அது. ஓராண்டு பிந்தி வந்தவர்க்கு அவ்விழப்பு இல்லை.

முதற் றொலைபேசி 2008 ஒக்ரோபர் 22 இல் அமெரிக்காவிலும் அம்மாத முடிவில் இங்கிலாந்திலும் விற்பனைக்கு வந்தது. எச்.ரி.சி. செய்து ரி-மொபைல் விற்ற ஜி-1 என்பது அது. திரையைத் தள்ளினால் அடியிலிருந்து ஒரு விசைப்பலகை வெளிப்படும். அந்த விசைப்பலகை எமக்குப் புகட்டிய பாடத்தைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். இன்றைய மாணவரும் அதிலே தான் முதலில் இடறி விழுகின்றனர் என்று கேள்வி.

பலகையை வெளியே இழுத்ததும் திரை நெடுக்கிலிருந்து குறுக்காகத் திரும்பும். திரும்பும்பொழுது, முன்னின்ற பக்கத்தை அண்ட்ரொயிட் முழுதாக அழித்து, புதிய அளவுக்கேற்ப முதலிலிருந்து மீண்டும் படைக்கும். கணனியிற் பழகியவர்க்கு இது விளங்காத விந்தை. கணனியிலே செய்நிரல் தானாக நிறுத்தும் வரை ஓடும். இங்கோ எக்கணத்திலும் கொல்லப்படலாம். அழைப்பு வந்தாற் பின்னுக்குத் தள்ளப்படும். நினைவகம் போதாவிடின் ஒரு சொல்லுமின்றி முடிக்கப்படும். ஆகவே திரையிலுள்ளவற்றை அவ்வப்போது மூட்டை கட்டி வைத்து, மறுபிறவியில் அவிழ்த்துக்கொள்ளுதல் செய்நிரலர் கடமை. எமது பஞ்சாங்கத்தில் ஒருவர் பிறந்த நாளையும் நேரத்தையும் இட்டு நட்சத்திரம் பார்க்கும் பகுதியொன்றிருந்தது. அங்கு நாளை இட்டபின், நேரத்தை இடுதற்காக விசைப்பலகையை இழுத்தால், இட்ட நாள் மறைந்துவிடும். எமுலேற்றரில் எவரும் பலகையை இழுப்பதில்லை. கையிற் பொறி வந்த முதல்நாளே இது புலப்பட்டது. மூட்டை கட்டும் வித்தையை இருவருமாய்க் கற்றுச் செப்பனிட மூன்று வாரஞ் சென்றது.

கொல்லுவதற்கும் நியாயமுண்டு. அத்தொலைபேசியின் நினைவகம் 192 மெகாபைற். ஒரு செய்நிரலுக்கு விதிக்கப்பட்ட எல்லை 16 மெகாபைற். அதே தொலைபேசி எடுத்த ஒரு படத்தை முழு அளவில் விரித்தாற் புள்ளிகள் முப்பத்தொரு இலட்சத்துக்கு மேல். புள்ளியொன்றுக்கு நான்கு பைற்றாக ஏறத்தாழ 12½ மெகாபைற் ஆகும். இரண்டாவது படத்தைத் திறந்தாற் செய்நிரல் மாண்டுவிடும். செய்நிரல்களைச் சேமித்து வைக்கும் அறையும் எழுபது மெகாபைற் அளவினதே. வெளி அட்டையிற் செய்நிரலை இடும் வசதி 2010 மே மாதத்து 2.2 ஆம் பதிப்புவரை இல்லை. புதிதொன்றை இறக்க விரும்புவோன் பழையதொன்றை வீசுவான். வீசப்படுவது எமதாக இருத்தலாகாதே என்று ஒவ்வொரு பைற்றையும் எண்ணிச் செலவிட்டோம்.

இவ்விடத்திற் பஞ்சாங்கம் எமக்கோர் ஆச்சரியத்தை வைத்திருந்தது. யாழ்ப்பாணத்தார்க்கு வாக்கியமும் தெரியும், திருக்கணிதமும் தெரியும்; இரண்டுக்கும் இடையிலுள்ள வழக்கும் தெரியும். தோழர் திருக்கணிதக் கட்சி. சூரிய சந்திரர் நிலையைத் திரிகோண கணிதத்தாற் கணிப்பதே விஞ்ஞான முறையென்று அவர் வாதிட்டார். அக்காலத்து அண்ட்ரொயிட், செய்நிரலின் கட்டளைகளை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துக்கொண்டே ஓடும். ஓடும்பொழுதே பொறிமொழிக்கு மாற்றிவைக்கும் உத்தி 2.2 ஆம் பதிப்பிலே தான் வந்தது. ஆகவே ஒரு மாதத்துத் திதிகளைத் திருக்கணிதப்படி கணிக்கையில் திரை பல செக்கன் உறைந்து நின்றது. வாக்கிய முறையிலோ சந்திரனுக்கு 248 வாக்கியங்கள். அவற்றிற் பொதிந்துள்ள எண்களை அட்டவணையாக்கினாற் கூட்டலும் கழித்தலுமே மிச்சம். கண்ணிமைக்கும் நேரத்தில் மாதம் முழுவதும் வந்து நின்றது. பனையோலையும் மனக்கணக்குமாய் வாழ்ந்தோர் வகுத்த உத்தி இந்தச் சின்னஞ்சிறு பொறிக்கு அளவெடுத்துத் தைத்தாற் போலிருந்தது. தோழர் ஒரு கிழமை எம்மோடு பேசவில்லை.

அடுத்தது தமிழ். அண்ட்ரொயிட்டின் முதற் பதிப்புகளிலே தமிழெழுத்துரு கிடையாது; தமிழ் எழுதினால் வெறும் பெட்டிகள் வரிசையாய் நிற்கும். எழுத்துருவை நாமே செய்நிரலோடு கட்டி அனுப்ப வழியிருந்தது. ஆயினும் அது பாதி மருந்தே. ஒருங்குறி முறையிற் ‘கெ’ என்பதிற் ககரம் முதலிலும் கொம்பு பின்னரும் சேமிக்கப்படும்; திரையிற் கொம்பை முன்னே கொணர்ந்து வைப்பது முறைமையின் வேலை. ‘கொ’ எனின் கொம்பு முன்னும் கால் பின்னும். அவ்வேலையை அந்தப் பதிப்புகள் அறியா. இலண்டனிலும் கொழும்பிலும் தமிழ் அச்சகத்தார் நெடுங்காலம் பயன்படுத்திய பாமினி எழுத்துருவின் உத்தி அப்பொழுது கைகொடுத்தது. கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கிலேயே துண்டு துண்டாக எழுத்தை அடுக்கும் உத்தி அது. ஒருங்குறித் தமிழைத் துண்டுகளாக மாற்றும் ஒரு சிறு செய்நிரல் எழுதித் திரையில் வரைந்தோம். முதன்முதலில் ‘திருவோணம்’ என்ற சொல் பிழையின்றித் தோன்றிய இரவில், கொழும்பில் மூன்றரை மணியென்றும் பாராது தோழரை எழுப்பினோம். இதிலும் குறையிருந்தது: ஒரு வரியைப் பிரதிசெய்து வேறிடத்தில் ஒட்டினாற் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வந்து விழும். தேடற் பகுதியிலும் தமிழ் எடுபடாது. ஆயினும் படிக்க இயன்றது.

தோழர் இதற்குள் வங்கிப் பணியைத் துறந்திருந்தார். அவர் வீட்டில் இதனால் எழுந்த துன்பத்தை இங்கு விரித்தல் முறையன்று. மணமாகி ஓராண்டும் ஆகாதவர் என்பதொன்றே போதும். அவரிடம் பொறி இல்லை. 2008 டிசெம்பரிற் செய்நிரலருக்கென்றே பூட்டில்லாத தொலைபேசியொன்று 399 டொலருக்கு விற்கப்படலாயிற்று. பதினெட்டு நாடுகளுக்கு அனுப்புவர். இந்தியா அப்பட்டியலில் உண்டு, இலங்கை இல்லை. இலண்டனில் ஒன்றை வாங்கி, ஊர் சென்ற உறவினர் ஒருவர் கையிற் கொடுத்தனுப்பினோம். அண்ட்ரொயிட் சந்தையிற் செய்நிரலுக்கு விலை குறிக்கும் உரிமை 2009 பெப்ரவரியில், முதற்கண் அமெரிக்கர்க்கும் பிரித்தானியர்க்குமே வந்தது. கொழும்பிலிருப்பவர் இலவசமாக இடலாம், விற்கவியலாது. எனவே பஞ்சாங்கம் எம் பெயரிலேயே இலண்டனிலிருந்து வெளியாயிற்று. வாங்கியவர் இருபத்துநான்கு மணி நேரத்துள் திருப்பிக் கொடுத்து முழுப்பணமும் பெறலாம் என்பது அக்காலச் சந்தை விதி. 2010 டிசெம்பரிலே தான் அது பதினைந்து நிமிடமாகச் சுருங்கிற்று. பஞ்சாங்கத்திற்கு அவ்விதி பெருந்தீங்கு. மகளுக்கு நாள் பார்க்க வாங்கியவர், நாள் பார்த்து முடித்ததும் திருப்பிக் கொடுத்தார்! இதற்கு அவரைக் குறைகூறுவதும் எளிதன்று. ஊரிற் பக்கத்து வீட்டுப் பஞ்சாங்கத்தை இரவல் வாங்கிப் பார்த்தே வளர்ந்தோம் யாமெல்லாம்.

இதனிடையே 2009 ஏப்ரிலில் 1.5, செப்ரெம்பரில் 1.6, ஒக்ரோபரில் 2.0, மறு யனவரியில் 2.1 எனப் பதிப்புகள் தொடர்ந்து வந்தன. 320க்கு 480 என்னும் ஒரே திரையளவை நம்பி நாம் வரைந்த கட்டங்கள், புதிய பெருந்திரைகளிற் சுருங்கியும் சிறுதிரைகளில் வழிந்தும் நின்றன. ஒவ்வொரு பதிப்புக்கும் எழுதியதையே மீள எழுதினோம். புதிதாய் ஒன்றுஞ் சேர்க்க நேரங் கிட்டவில்லை.

பிறர் தளங்களில் நிலை மேலாயிருந்ததோ எனின், துன்பத்தின் வகைதான் வேறு. அப்பிளின் ஐபோனுக்கான கருவித்தொகுதி 2008 மார்ச்சில் வெளியாயிற்று. பொறியோ எட்டு மாதங்களுக்கு முன்னரே மக்கள் கையிலிருந்தது. ஆனால் அத்தொகுதியைப் பெற்றோர் அதுபற்றி வெளியிற் பேசலாகாது என்னும் ஒப்பந்தத்துக்குட்பட்டிருந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபர் முதலாம் நாள் அத்தடை தளர்த்தப்படும் வரை, ஒருவர் கண்ட தீர்வை இன்னொருவர்க்கு உரைத்தலும் இயலாது. பாம் நிறுவனத்தின் வெப்ஓஎஸ் தளமோ செய்நிரலர் பலர் மெச்சிய தளம். 2010 இல் எச்.பி. நிறுவனம் அதனை வாங்கிற்று. 2011 யூலை முதலாம் நாள் அதன் பலகைக் கணனி விற்பனைக்கு வந்தது. ஓகஸ்ட் 18 இல் அப்பொறிகளின் தயாரிப்பே கைவிடப்பட்டது. அங்குக் குடியேறியோர் காட்டை வெட்டி முடிக்குமுன் நிலமே கடலுட் சென்றது. அண்ட்ரொயிட் நிலைத்ததனால் எம்மைக் கூர்மதியினர் என்பாருமுளர். 2007 நவம்பரில் எது நிலைக்கும், எது மூழ்கும் என்று எவர் கண்டார்?

பஞ்சாங்கத்தால் வந்த பணம் தொலைபேசி வாங்கிய கடனை அடைக்கவும் போதவில்லை. ஆனால் 2010 அளவில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல அண்ட்ரொயிட் அறிந்தோரைத் தேடி அலைந்தன. மூன்றாண்டு அனுபவமுடையோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. திரை திரும்பும்பொழுது நாள் மறைவதேன் என்று முதல் நேர்முகத்திலேயே விளக்கிய தோழருக்கு, கொழும்பிலிருந்தபடியே செய்யும் வேலையொன்று கிடைத்தது. அவர் வீட்டிலும் அமைதி நிலவிற்று. மாணவர் கேட்கும் வெற்றி இதுவெனின் இதுவே. சந்தையில் முதல்வராய் நின்றதனால் வந்ததன்று. மூன்று வாரம் மூட்டை கட்டப் பழகியதனால் வந்தது.

அந்தப் பழைய செய்நிரல் இன்று புதிய தொலைபேசிகளில் ஏறாது. மிகப் பழைய பதிப்புகளுக்கென எழுதப்பட்டவற்றை 2023 இல் வந்த 14 ஆம் பதிப்பு வாசலிலேயே மறித்துவிடுகின்றது. தோழர் அண்மையில் அதனை அடியிலிருந்து மீள எழுதியிருக்கின்றார். இன்றைய பொறியிற் திருக்கணிதமும் கண்ணிமைப்பொழுதில் வந்துவிடுகின்றது. தமிழும் தானாக எழுந்து நிற்கின்றது. இருமுறைக்கும் இடங்கொடுத்து, வேண்டியதைத் தெரிந்துகொள்ள ஒரு பொத்தானும் வைத்துள்ளார். முதல் மாதத்தில் வந்த முறைப்பாடுகளிற் பெரும்பாலானவை, மற்றக் கட்சியின் பஞ்சாங்கத்தையும் ஏன் சேர்த்தீர் என்பன.